எட்டா, பன்னிரண்டா

மார்ச் 4

தரை போடுபவர் மாதிரிப் பலகைகளோடு வந்தார். ஹாலிலும் அண்ணன் அறையிலும் பழைய டைல்ஸை உடைக்காமல் மேலேயே மரம் போன்ற லேமினேட் பலகை போட்டுவிடலாமாம். போன மாதம் அண்ணன் வழுக்கி விழுந்ததிலிருந்து அந்த டைல்ஸைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

கனம் எட்டு மி.மீ. அல்லது பன்னிரண்டு. "பன்னிரண்டே போடுங்கம்மா. முப்பது வருஷம் அசையாது."

"அதுக்கு முன்னாடியே நான் அசையாம போயிடுவேன்" என்றான் அண்ணன். அவன் மட்டும்தான் சிரித்தான்.

மார்ச் 5

சமையலறையும் குளியலறையும் டைல்ஸாகவே இருக்கும். அப்படியானால் அந்த இரண்டு வாசலிலும் ஒரு மேடு வரும். அடியில் விரிக்கும் நுரைத்தாளையும் சேர்த்தால் எட்டு பத்தாகும், பன்னிரண்டு பதினாலாகும்.

பக்கவாதம் வந்து பதினான்கு மாதமாகியும் அண்ணனின் இடது கால் எழும்புவதில்லை, இழுக்கிறது. பிசியோதெரபி பெண் ஒருமுறை சொன்னார்: "படிகூடப் பரவாயில்லை, கண்ணுக்குத் தெரியும். சின்ன மேடுதான் ஆளைத் தள்ளிவிடும்."

மார்ச் 8

நான் வேலை செய்யும் பத்திரிகையின் மடித்த பிரதி ஒன்று ஏறக்குறைய இரண்டு மி.மீ. பதினாலு வரும்படி ஏழு பிரதிகளை அடுக்கி, சமையலறை வாசலில் டேப் போட்டு ஒட்டினேன். நாற்காலி போட்டு நோட்டோடு உட்கார்ந்தேன். அண்ணன் பதினோரு முறை போய் வந்தான். ஒருமுறைகூடக் கால் தட்டவில்லை.

"அடுத்தது ஒலிம்பிக்ஸ்தானே?" என்றான்.

பன்னிரண்டு என்று போன் செய்துவிட்டேன்.

மார்ச் 9

வியாழக்கிழமை சரக்கு வருமாம்.

மார்ச் 10

நாலு மணிக்கு வீட்டுக்கு வந்தேன். சமையலறை வாசலில் டேப் கிழிந்து கிடந்தது. மேலே இருந்த இரண்டு பிரதிகள் கசங்கியிருந்தன. அடுக்கை எடுக்க நான்தான் மறந்திருக்கிறேன்.

"காத்துல நகர்ந்திருக்கும்" என்றான். ஜன்னல் சாத்தியிருந்தது. சட்டையின் கையை மடக்கிவிட்டுப் பார்த்தேன். முழங்கையில் நீலம் பாரித்திருந்தது.

"பெல் அடிச்சாங்க. அவசரமா வந்தேன். விழல, கதவு நிலையைப் பிடிச்சுக்கிட்டேன். போதுமா, நிருபரம்மா?"

"அன்னிக்கு மட்டும் எப்படிக் காலைத் தூக்கினே?"

"நீ பாத்துட்டு இருந்தியே. தூக்கலன்னா வேலைய விட்டுட்டு வீட்ல உக்காந்துடுவே. எனக்குத் தெரியாதா உன்னை?"

முப்பத்தோரு வருஷ நிருபர் வேலையில பாக்கறேன் — நோட்டைத் திறந்தா எதிர்ல இருக்கிற மனுஷன் வேற மாதிரி ஆயிடுவான். ஊரெல்லாம் பாத்த எனக்கு வீட்டுக்குள்ள தெரியலையே? அவன் எனக்காகக் காலைத் தூக்கியிருக்கான். நான் கோடு போட்டு எண்ணிட்டு இருந்திருக்கேன்.

மார்ச் 11

எட்டு மி.மீ. என்று மாற்றிச் சொன்னேன். காரணத்தையும் சொன்னேன். தரை போடுபவர் அந்த வாசல்களின் அகலத்தைக் கேட்டார்.

"அப்ப ரெண்டு வாசல்லயும் கையகலத்துக்குச் சரிவா மரத்துல பட்டை இழைச்சு வச்சிடறேன். மேடே தெரியாது. ஆனா எட்டு மெல்லிசு, நடந்தா டொக்கு டொக்குன்னு கேக்கும். அப்புறம் என்னைத் திட்டக்கூடாது."

மார்ச் 17

போட்டாகிவிட்டது. சொன்னது போலவே சத்தம். வலது கால் டொக். இடது கால் சர்ர்ர். மேசையில் உட்கார்ந்தபடியே அண்ணன் எந்த இடத்தில் இருக்கிறான் என்று தெரிகிறது.

"வீட்டுக்குள்ள ரயில் விடறேன்" என்கிறான்.

ஏப்ரல் 6

பிசியோதெரபி பெண்ணுக்குத் தரை ரொம்பப் பிடித்துவிட்டது. "கால் இழுக்கிறது உங்க காதுக்கே கேக்குது பாருங்க. அந்தச் சத்தம் இல்லாம நாலு அடி வைங்க."

இரண்டு அடி வைத்தான். மூன்றாவதில் சர்ர்ர். "சிக்னல் கிடைக்கல" என்று உட்கார்ந்துவிட்டான்.

ஏப்ரல் 19

வெளியூர்ச் செய்தி ஒன்றுக்குப் போகச் சொன்னார் பத்திரிகை ஆசிரியர். முடியாது என்றேன். அண்ணனிடம் சொல்லவில்லை.

மே 23

காலை. கட்டுரையை அடித்துக்கொண்டிருந்தேன். குளியலறைக் கதவு திறந்தது. டொக். அப்புறம் சர்ர்ர் வரவில்லை.

எழுந்து ஓடினேன். பட்டையைத் தாண்டி ஹாலில் நின்றிருந்தான், தோளில் துண்டோடு.

"எதுக்கு ஓடி வர்றே? தீப்பிடிச்சிடுச்சா?"

"சத்தம் வரல."

"எந்தச் சத்தம்?"

இன்னொரு முறை நடந்து காட்டு என்று கேட்கவில்லை. திரும்பி வந்து, முதுகைக் காட்டி உட்கார்ந்தேன்.

டொக். டொக். டொக். டொக். ஒரு சர்ர்ர். பிறகு டொக்.

மதியம் ஆசிரியருக்கு போன் செய்து, அடுத்த வெளியூர்ச் செய்திக்கு நான் போகிறேன் என்றேன்.