பதினாலாயிரத்து இருநூற்றுப் பன்னிரண்டு கிலோமீட்டர்

ஆர்.கே.புரம், புது தில்லி
8 டிசம்பர் 2025

அன்புள்ள ரெஜின் அண்ணனுக்கு,

டெல்பின் எழுதுவது. நேற்று அப்பாவின் முப்பதாம் நாள் பூசை முடிந்தது. அடக்கத்துக்கு வந்துபோன நீங்கள் இதற்கு மஸ்கட்டிலிருந்து வரவில்லை என்று யாரும் குறை சொல்லவில்லை. கேட்டவர்களிடம் லீவு கிடைக்கவில்லை என்று நானே சொல்லிவிட்டேன். குடும்ப வாட்ஸ்அப் குழுவிலிருந்து நீங்கள் வெளியே போய்விட்டீர்கள். போனில் பேசினால் இரண்டாவது நிமிஷம் சண்டை வருகிறது. அதனால்தான் இப்படிக் கடிதமாக மெயிலில் அனுப்புகிறேன். யார் என்ன சொன்னோம் என்று பிறகு தகராறு வராது.

விஷயம் அப்பாவின் கார். மார்ச்சில் வாங்கியது, ஒன்பது மாதம்கூட ஆகவில்லை. எனக்கு ஓட்டத் தெரியாது. இவருக்கு ஆபீஸ் சாணக்யபுரியில், பஸ்ஸிலேயே போய்விடுவார். குவார்ட்டர்ஸ் வாசலில் நிறுத்திவைத்தால் தூசி படிந்து பேட்டரிதான் போகும். விற்றுவிடலாம் என்று நினைக்கிறேன். பழைய கார் வாங்கும் கம்பெனியிலிருந்து ஒருவர் வந்து பார்த்தார். பெயின்ட் கனத்தை அளக்கும் கருவியை ஒவ்வொரு கதவிலும் வைத்துப் பார்த்தார், டயரைப் பார்த்தார், ஒரு சுற்று ஓட்டினார். ஏழு லட்சத்து அறுபத்தைந்தாயிரம் என்றார்.

வாரிசு நாம் இரண்டு பேர் என்பதால் உங்கள் சம்மதக் கடிதம் வேண்டும். அங்கே நம் தூதரகத்தில் முத்திரை வைத்து அனுப்பினால் போதும். வரும் தொகை இருவருக்கும் சரிபாதி.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தங்கை,
டெல்பின்


மஸ்கட்
12 டிசம்பர் 2025

டெல்பினுக்கு,

கடிதம் கிடைத்தது. பதினோரு லட்சத்து நாற்பதாயிரம் கொடுத்து அப்பா வாங்கிய வண்டி. எட்டு மாதத்தில் மூன்றே முக்கால் லட்சம் ஆவியாகப் போய்விட்டதா? இங்கே உட்கார்ந்து இணையத்தில் பார்த்தேன். அதே மாடல், அதே வருஷம், தில்லி வண்டி, பத்தேகால் லட்சம் என்று போட்டிருக்கிறார்கள். நீ நர்ஸ், உனக்குக் கார் விலை தெரியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். உன் வீட்டுக்காரருக்குமா தெரியாது?

எந்தக் கம்பெனி, அதன் வழியாக வண்டியை வாங்கப் போவது யார் என்று நீ எழுதவே இல்லை. சிவகுமாரின் சொந்தக்காரர்கள் யாராவது வரிசையில் நிற்கிறார்களா?

அறுபத்தொன்பது வயதில் புது கார் வேண்டாம் என்று நான் தலைபாடாக அடித்துக்கொண்டேன். அன்றைக்கு நீங்கள் இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை. இப்போது ஏன் என்று புரிகிறது.

வேறொருவரை வைத்து மறுபடி மதிப்புப் போடு. கிலோமீட்டர் மீட்டரைப் படம் எடுத்து அனுப்பு. அதுவரை கையெழுத்துக் கிடையாது.

ரெஜின்


ஆர்.கே.புரம்
20 டிசம்பர் 2025

அண்ணனுக்கு,

நீங்கள் சொன்னபடி கரோல் பாக்கிலிருந்து ஒரு டீலரை வரவழைத்தேன். எனக்கு நைட் டியூட்டி முடிந்த காலை அது. தூங்காமல் கூடவே நின்றேன், இவரை வெளியே வர விடவில்லை. பிறகு நீங்கள் அதற்கும் ஒன்று சொல்வீர்கள். அவர் ஏழு நாற்பதுக்கு மேல் ஒரு ரூபாய் ஏறவில்லை.

ஏன் என்று நானும் சண்டை போட்டேன். பொறுமையாகத்தான் சொன்னார். பதினொன்று நாற்பதில் ரோடு டாக்ஸும் இன்ஷூரன்ஸும் சேர்ந்திருக்கிறது, அதை யாரும் திருப்பித் தர மாட்டார்கள். ஷோரூம் விலை பத்து லட்சம்தான். செப்டம்பரில் வரி குறைந்த பிறகு அதே வண்டி புதிதாகவே ஒன்பது லட்சத்துப் பதினைந்தாயிரத்துக்குக் கிடைக்கிறது. நம் வண்டி எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் வாங்குபவர் இரண்டாவது ஓனர். இந்த ஒரு வார்த்தைக்கே ஒரு லட்சம் இறங்குகிறது. நீங்கள் இணையத்தில் பார்த்தது விற்பவர்கள் ஆசைப்படும் விலை, கைக்கு வரும் விலை இல்லை.

கடைசியாக, வண்டி அதிகம் ஓடியிருக்கிறது என்று நாற்பதாயிரம் குறைத்தார். படம் வைத்திருக்கிறேன். 14,212 கிலோமீட்டர்.

சிவகுமாரின் சொந்தக்காரர் யாரும் வரிசையில் இல்லை. அவரைத் திருமணம் செய்துகொண்டு பதினோரு வருஷம் ஆகிறது. கோயிலுக்குப் போகிறவர் என்பதற்காக எங்கள் கல்யாணத்துக்கு நீங்கள் வரவில்லை. அம்மா போன பிறகு எட்டு வருஷம் அப்பாவைத் தன் வீட்டில் வைத்துப் பார்த்தவர் அவர். இனி அவர் பெயரை எழுதும்போது கொஞ்சம் யோசித்து எழுதுங்கள்.

கிறிஸ்துமஸ் வருகிறது. இந்த வருஷம் இங்கே ஸ்டார் கட்டவில்லை.

டெல்பின்


மஸ்கட்
23 டிசம்பர் 2025

டெல்பினுக்கு,

பதினாலாயிரம்.

அப்பா ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போவார், மாதம் ஒருமுறை பென்ஷன் விஷயமாக வங்கிக்குப் போவார். எட்டு மாதத்துக்கு இரண்டாயிரம் கிலோமீட்டர் என்றாலே அதிகம். மிச்சம் பன்னிரண்டாயிரத்தை ஓட்டியது யார்?

நானே சொல்கிறேன். உன் வீட்டுக்காரர் வேலை செய்வது விருந்தினர் மாளிகையில். ஊரிலிருந்து வருகிறவர்கள் எல்லாரும் ஆக்ரா பார்க்க வேண்டும் என்பார்கள். டாக்ஸிக்கு ஏன் செலவு செய்கிறீர்கள், நம் வண்டி இருக்கிறது என்று சொல்லியிருப்பார். தாஜ் மஹாலுக்குப் போய்வர நானூற்றைம்பது. மாதம் மூன்று முறை போனால் கணக்குக் கிட்டத்தட்ட வந்துவிடுகிறது. அப்பாவின் சேமிப்பில் வாங்கிய வண்டியில் அவர் சம்பாதித்திருக்கிறார், தேய்மானத்துக்கு நான் பாதி கொடுக்க வேண்டுமா?

இதற்கு நேரான பதில் வேண்டும். சுற்றி வளைத்து அழுதுகொண்டு எழுதாதே. இல்லாவிட்டால் வக்கீல் மூலம் கேட்பேன்.

ரெஜின்


ஆர்.கே.புரம்
2 ஜனவரி 2026

அண்ணனுக்கு,

நேரான பதில் கேட்டீர்கள். ஓட்டியது அப்பா. போனது ஆக்ராவுக்கு இல்லை, சண்டிகருக்கு.

செலின் மதினி வீட்டுக்கு. ஸ்நேஹாவைப் பார்க்க. போக வர ஐந்நூற்று இருபது கிலோமீட்டர், இருபத்து மூன்று சனிக்கிழமை. பெருக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் விவாகரத்து ஆன வருஷம் அப்பாவிடம் போனில் நீங்கள் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது, ஸ்பீக்கரில்தான் இருந்தது. "அந்த வீட்டு வாசலை மிதித்தால் உங்களுக்கு மகன் இல்லை" என்றீர்கள். மூன்று வருஷம் அப்பா அதற்குக் கட்டுப்பட்டு இருந்தார். பழைய கார் பதினைந்து வருஷம் ஆகித் தில்லியில் ஓட்டக்கூடாது என்று வந்ததும், புதுசு எதற்கு என்று நானும்தான் கேட்டேன். வாங்கிய அடுத்த சனிக்கிழமை விடியற்காலையில் கிளம்பினார். கர்னாலில் பழைய ஆபீஸ் நண்பர் ஒருவர் இருக்கிறார் என்றார்.

முதல் வாரம் மதினி கதவைத் திறக்கவில்லை. தெருவில் வண்டிக்குள் மத்தியானம் வரை உட்கார்ந்துவிட்டுத் திரும்பியிருக்கிறார். இரண்டாவது வாரம் ஸ்நேஹா ஒரு பாட்டில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாளாம். மூன்றாவது வாரம் மதினி சாப்பிடக் கூப்பிட்டார். அதன் பிறகு சனிக்கிழமை ஸ்கேட்டிங் வகுப்புக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போவது அப்பாதான்.

ஜூலையில் ஒரு நாள் அப்பாவுக்குக் கால் வீங்கியிருந்தது. அப்போதுதான் எங்களிடம் சொன்னார். தனியாக விட மனமில்லாமல் இவர் லீவு போட்டுவிட்டுக் கூடப் போய்வந்தார். நீங்கள் எழுதிய மனிதர் அந்த வண்டியில் நீண்ட தூரம் போனது அந்த ஒரு நாள்தான், அதுவும் பக்கத்து சீட்டில்.

"ரெஜினிடம் நீயாகப் போய்ச் சொல்லாதே. அவன் கேட்டால் மறைக்காதே" என்றார் அப்பா. நீங்கள் கேட்டுவிட்டீர்கள்.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன். இதை எழுதக்கூடாது என்று இரண்டு நாள் யோசித்தேன், உங்கள் கடிதத்தை மறுபடி படித்ததும் எழுதலாம் என்று தோன்றிவிட்டது. அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்தில், தில்லிப் புகைக்கு மாஸ்க் போட்டுக்கொண்டு ஒரு பெண் குழந்தை என் பக்கத்தில் நின்று அழுததே. "யார் வீட்டுப் பிள்ளை இது, இவ்வளவு அழுகிறது?" என்று என்னிடம் கேட்டீர்கள். தெரிந்தவர்கள் பிள்ளை என்று சொன்னேன். உங்கள் மகள் அவள். மதினி கேட்டுக்கு வெளியே ஆட்டோவில் இருந்தார்.

டெல்பின்


மஸ்கட்
19 ஜனவரி 2026

டெல்பினுக்கு,

உன் கடிதம் வந்து பதினேழு நாள் ஆகிறது. மூன்று பேரும் சேர்ந்து என்னை முட்டாளாக்கியிருக்கிறீர்கள். அப்பா என்னோடு ஞாயிற்றுக்கிழமை தோறும் வீடியோவில் பேசுவார். முந்தின நாள் அங்கே போய்விட்டு வந்து, என்ன சாப்பிட்டாய் என்று என்னைக் கேட்டிருக்கிறார். அதை நினைத்தால் எனக்கு வரும் கோபத்துக்கு அளவில்லை. செத்தவரிடம் காட்ட முடியாது, உன்னிடம் காட்டுகிறேன்.

கல்லறையில் என்னிடம் பொய் சொன்னாய். அன்றைக்கு நீ உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லாமல் வைத்திருந்து, கார் விலைச் சண்டையில் எடுத்து வீசுகிறாய். நீ நல்லவள் என்று நினைத்துக்கொள்ளாதே.

சம்மதக் கடிதம் முத்திரையோடு கூரியரில் வருகிறது. என்ன விலைக்கு வேண்டுமானாலும் விற்றுக்கொள். கிலோமீட்டருக்காகக் குறைந்த நாற்பதாயிரத்தை உன் பங்கில் கழி. எல்லாம் தெரிந்துகொண்டு சும்மா இருந்தவள் நீ.

ஒன்று கேட்கிறேன். பதில் எழுத மனமிருந்தால் எழுது. அந்தப் பிள்ளை என்னைப் பற்றி எப்போதாவது கேட்டாளா?

ரெஜின்


ஆர்.கே.புரம்
24 ஜனவரி 2026

அண்ணனுக்கு,

சம்மதக் கடிதம் வந்துவிட்டது. நாற்பதாயிரத்தை என் பங்கிலேயே கழித்துக்கொள்கிறேன். அப்பா பிள்ளையைப் பார்த்துவிட்டு வந்ததற்கு நான் கொடுத்ததாக இருக்கட்டும். முதலில் வந்த கம்பெனிக்காரர்கள் ஏழு ஐம்பத்தெட்டுக்கு ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். புதன்கிழமை வந்து எடுத்துப்போகிறார்கள்.

கல்லறையில் பொய் சொன்னது தப்புதான். அங்கே உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. கடிதத்தில் அதை எடுத்து வீசியதும் தப்புதான். இரண்டுக்கும் சமாதானம் சொல்லப் போவதில்லை.

உங்கள் கேள்விக்கு நானாக ஊகித்து எழுத விரும்பவில்லை. மதினிக்கே போன் செய்து கேட்டேன். முதல் வருஷம் தினமும் கேட்பாளாம். அடுத்த வருஷம் பிறந்தநாளன்று மட்டும் கேட்டாளாம். பிறகு கேட்பதை விட்டுவிட்டாள். அப்பா சாப்பிட உள்ளே போன அந்த மூன்றாவது வாரம், அவரிடம் "நீங்களும் வராம நின்னுடுவீங்களா?" என்று கேட்டிருக்கிறாள். இல்லை என்று அப்பா சொல்லியிருக்கிறார்.

அப்பா இறந்தது வெள்ளிக்கிழமை. மதினிக்கு நான் அன்று காலையே சொல்லிவிட்டேன், அவரும் பிள்ளையிடம் சொல்லிவிட்டார். அப்படியும் சனிக்கிழமை பத்து மணிக்கு ஸ்கேட்டிங் பையை மாட்டிக்கொண்டு கேட்டில் போய் நின்றாளாம். பன்னிரண்டு மணிக்குத் தானாக உள்ளே வந்திருக்கிறாள்.

நீங்கள் வந்தால் மதினி தடுக்க மாட்டார். ஆனால் அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "ஒரு தடவை வந்துட்டு நிறுத்துறதா இருந்தா, வரவே வேண்டாம்னு சொல்லு."

டெல்பின்


மஸ்கட்
28 ஜனவரி 2026

டெல்பின்,

வண்டியை விற்காதே. கம்பெனிக்காரர்களிடம் ஏதாவது சொல். போன் செய்தேன், நீ டியூட்டியில் இருக்கிறாய் போல. வெள்ளிக்கிழமை சாயங்காலம் தில்லியில் இறங்குகிறேன். சாவியை எடுத்து வை.

அந்த ரோடு எனக்குத் தெரியாது. சிவகுமார் கூட வருவாரா என்று கேட்டுச் சொல். ஆக்ரா பற்றி நான் எழுதியதை அவரிடம் காட்டிவிட்டாயா?

ரெஜின்


ஆர்.கே.புரம்
29 ஜனவரி 2026

அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தை இன்று காலை வார்டிலிருந்து வந்துதான் பார்த்தேன். வண்டி நேற்று மத்தியானமே போய்விட்டது. பெயர் மாற்றும் தாள்களில் கையெழுத்துப் போட்டாயிற்று. இனித் திருப்ப முடியாது. உங்கள் பங்கு இன்று உங்கள் கணக்குக்கு வந்திருக்கும்.

சண்டிகருக்குக் காஷ்மீரி கேட்டிலிருந்து பஸ் இருக்கிறது. ஆறு மணிக்கு ஏறினால் பதினொன்றரைக்குள் போய்விடலாம்.

ஆக்ரா கடிதத்தை அன்றைக்கே இவரிடம் காட்டினேன். படித்துவிட்டு, சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் படுத்துவிட்டார். நேற்று நீங்கள் எழுதியதையும் இன்று காட்டினேன். காஷ்மீரி கேட் வரை வந்து பஸ் ஏற்றி விடுகிறேன் என்கிறார், அதற்கு மேல் வர முடியாது என்கிறார். வற்புறுத்த எனக்கு விருப்பமில்லை. சாணக்யபுரியில் தன் விருந்தினர் மாளிகையிலேயே உங்களுக்கு ஒரு அறை சொல்லி வைத்திருக்கிறார். எங்கள் வீட்டில் தங்குங்கள் என்று எழுத எனக்கு இன்னும் மனம் வரவில்லை. மனம் வந்தது போல எழுதவும் தெரியவில்லை.

நீங்கள் சனிக்கிழமை வருவதை மதினியிடம் சொல்லிவிட்டேன். ஸ்நேஹாவிடம் சொல்லவில்லை. நீங்கள் பஸ் ஏறிய பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்றார் மதினி.

விமானத்தில் உட்கார்ந்து அவளுக்கு ஏதாவது எழுதிக்கொண்டு வருவீர்கள், எனக்குத் தெரியும். நேரில் பேச முடியாததை எல்லாம் நாம் இரண்டு பேரும் எழுதித்தான் தீர்க்கிறோம். அவளிடம் அது நடக்காது அண்ணா. தில்லியில் பிறந்து சண்டிகரில் வளரும் பிள்ளை. தமிழ் பேசுவாள், படிக்கத் தெரியாது. எதுவானாலும் அவள் முகத்தைப் பார்த்து வாயால்தான் சொல்ல வேண்டும்.

டெல்பின்