கழிப்பறை வைத்த வண்டி

ஜூன் 7, சனி

காலையிலேயே கொளுத்தும் வெயில். மண்ணூர்பேட்டைப் பட்டறைக்குப் பத்து மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தோம். ஐயப்பன்தாங்கலை விட்டுக் கிளம்பவே பதினொன்றாகிவிட்டது. பாஸ்கர் மறுபடி மறுபடி பாத்ரூம். நான் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில். ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் இன்னொரு தடவை போவார்.

பட்டறைக்காரர் பெயர் டில்லி. பழைய வேன்களை வாங்கி, சீட்டுகளைப் பிடுங்கிவிட்டு, படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி வைத்து கேம்பர் வேனாக்கித் தருகிறார். பெரிய வேன் ஒன்று தயாராக நின்றது. உள்ளே நிமிர்ந்து நிற்கலாம். பின்பக்கம் தனிக் கதவோடு கழிப்பறை. கழிப்பறையைப் பார்த்துக் கண் கலங்கியவள் உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

டில்லி: "இன்னா சார், எத்தினி பேரு போவப் போறீங்கோ?"

"மூணு பேர். நான், மிஸஸ், பொண்ணு. சும்மா சனி ஞாயிறு எங்கயாவது போயிட்டு வர."

"அதுக்கு இன்னாத்துக்கு சார் பாத்ரூமு? இடம்தான் அடைக்கும். அத்த எட்த்துட்டு பிரிட்ஜு வச்சிக்கலாம்."

நான் வாயைத் திறப்பதற்குள் பாஸ்கர்: "ஆமாமா. பாத்ரூம் தேவையில்ல."

திரும்பி வரும்போது வானகரத்தில் சிக்னல் விழுந்தது. ஸ்கூட்டரிலிருந்து ஊன்றிய அவர் கால் நடுங்கிக்கொண்டே இருந்தது.

வாங்க வேண்டியவை: தோசை மாவு, யாழினிக்கு ஷூ சாக்ஸ், அவர் மாத்திரை.

ஜூன் 8, ஞாயிறு

புழுக்கம். மழை வருகிற மாதிரி போக்குக் காட்டிவிட்டுப் போய்விட்டது.

சண்டை. யாழினி டியூஷனுக்குப் போனதும் ஆரம்பித்தேன். "எதுக்காக வண்டி வாங்குறோம்? பிரிட்ஜ் வைக்கவா?"

"கத்தாத. கீழ் வீட்டுல கேக்கும்."

அதுதான் விஷயம். கீழ் வீட்டில் கேட்கும். பாஸ்கருக்குப் பெருங்குடலில் புண் என்று டாக்டர் சொல்லி இரண்டு வருடத்துக்கு மேலாகிறது. அவர் தங்கைக்குத் தெரியாது, என் அண்ணனுக்குத் தெரியாது. எல்லோருக்கும் "வயிறு கொஞ்சம் சரியில்லை" என்றுதான் சொல்லி வைத்திருக்கிறோம். பம்ப் செட் விற்றுக்கொண்டு ஓசூரிலிருந்து ராமநாதபுரம் வரை பைக்கில் திரிந்த மனிதர். இப்போது அதே கம்பெனிக்கு வீட்டில் உட்கார்ந்து போனில் பேசுகிறார். வயிறு கூப்பிட்டால் ஒரு நிமிஷம்கூடப் பொறுக்க முடியாது. யாழினியின் ஒன்பதாம் வகுப்பு விடுமுறை மொத்தமும் பால்கனியிலேயே போய்விட்டது. வண்டி யோசனை அவளுடையது. யூடியூபில் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

அவர் சொன்ன காரணம் வேறு: பெரிய வேன் நம் தெருவில் திரும்பாது. அது உண்மைதான். டேப் எடுத்துப் போய் நானே அளந்து பார்த்தேன். கேட்டுக்குள் நுழையவே நுழையாது. அசோசியேஷன் செக்ரட்டரி பார்த்துவிட்டு, "என்னம்மா, லாரி கீரி வாங்கப் போறீங்களா?" என்றார்.

அளவு சரியில்லை என்பது வேறு. தேவையில்லை என்பது வேறு. அவர் இரண்டையும் ஒன்றாக்குகிறார்.

ஜூன் 11, புதன்

ஆபீஸில் லேட். அங்கிருந்து நேராகக் காட்டுப்பாக்கம். ஐ.டி. பையன் ஒருவன் வெளிநாடு போகிறானாம், தன் சின்ன கேம்பர் வேனை விற்கிறான். பாஸ்கர் எனக்கு முன்பே வந்திருந்தார். ஆட்டோவில், தனியாக. அதுவே பெரிய காரியம்.

அழகான வண்டி. இருக்கை மடங்கிப் படுக்கையாகிறது. கூரையில் ஜன்னல். சின்ன அடுப்பு. கழிப்பறை இல்லை.

"பாத்ரூமுக்கு என்ன பண்ணுவீங்க தம்பி?" கேட்டேவிட்டேன்.

"வழி முழுக்க ஹோட்டல், பெட்ரோல் பங்க் இருக்கே ஆன்ட்டி. பிரச்சினையே வந்ததில்ல."

பாஸ்கர் என்னை முறைத்தார். பிறகு ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அந்த முகத்தை நான் பார்த்து ரொம்ப நாளாகிறது. பழைய முகம். அதைப் பார்த்தபின் மறுத்துப் பேச முடியவில்லை. சனிக்கிழமை ஒரு நாள் ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொல்கிறோம் என்று முடிவு. பூண்டி ஏரி வரை.

யாழினி வீட்டில் குதித்தாள். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஜூன் 14, சனி

எழுதலாமா வேண்டாமா என்று தெரியவில்லை. எழுதுகிறேன்.

அவர் நேற்று மதியத்திலிருந்து சாப்பிடவில்லை. வெறும் கஞ்சித் தண்ணீர். "வயித்துல ஒண்ணுமே இல்ல, பயப்படாத" என்றார். வண்டியை எடுத்தோம். யாழினி பின்னால், காலை நீட்டிக்கொண்டு. குமணன்சாவடி தாண்டிப் பூந்தமல்லிக்குள் நுழைவதற்குள் நெரிசல். மெட்ரோ தூண்கள், பஸ், தண்ணீர் லாரி, எதுவும் நகரவில்லை. ஏசி போட்டிருந்தும் அவர் நெற்றியில் வியர்வை. எனக்குப் புரிந்துவிட்டது.

"ஓரமா நிறுத்துங்க."

"எங்க நிறுத்த? எங்கடி நிறுத்த?"

எப்படியோ ஒடித்து ஒரு பெட்ரோல் பங்குக்குள் ஏற்றினார். இறங்கி ஓடினார். ஓட்டம் என்று சொல்ல முடியாது. கழிப்பறையில் பூட்டு. அங்கிருந்த பெண்ணிடம் நான் கெஞ்சினேன். "சாவி மேனேஜருகிட்ட கீதுக்கா, சாப்ட போய்க்கீறாரு." பாஸ்கர் கதவில் கை வைத்தபடி நின்றார். அப்புறம் கையை எடுத்துவிட்டார். திரும்பி என்னைப் பார்த்தார்.

அவ்வளவுதான். முடிந்துவிட்டது.

என் துப்பட்டாவை அவர் இடுப்பில் சுற்றினேன். வண்டியில் செய்தித்தாள் விரித்து உட்கார வைத்தேன். யாழினி ஜன்னல் பக்கம் திரும்பி, காதில் இயர்போன். பாட்டு ஓடவில்லை. போன் அவள் மடியில் அணைந்து கிடந்ததைப் பார்த்தேன்.

என்னிடம் லைசென்ஸ் இருக்கிறது. எடுத்த பிறகு ஓட்டவே இல்லை. அவரேதான் வீடு வரை ஓட்டினார்.

மாலை வண்டியைத் துடைத்துக் கழுவி வைத்து, அந்தப் பையனையே வரச் சொல்லிச் சாவியைக் கொடுத்தேன். வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டான். நிறம் பிடிக்கவில்லை என்றேன்.

ஜூன் 15, ஞாயிறு

மழை. நல்ல மழை. அவர் அறையை விட்டு வெளியே வரவில்லை. கதவுக்கு வெளியே வைத்த இட்லி ஆறிப்போனது.

யாழினி சமையலறையில் வந்து நின்றாள். "அம்மா, அப்பாவுக்கு என்ன வியாதின்னு எனக்குத் தெரியும். மாத்திரை பேரை வச்சு எப்பவோ தேடிப் பாத்துட்டேன். நீங்க ரெண்டு பேரும் எதுக்கு என்கிட்ட நடிக்கிறீங்க?"

வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தது நல்லதாகப் போயிற்று.

டில்லி போன் செய்தார். நடுத்தர அளவில் ஒரு வண்டி முடிந்திருக்கிறதாம். உங்கள் தெருவுக்குள் தாராளமாகப் போகும், இழுத்து வெளியே எடுக்கிற மாதிரி பெட்டிக் கழிப்பறை, முன்னால் திரை. "செவ்வாக்கெயம ஆவடிலேர்ந்து ஒரு பார்ட்டி வர்றாங்கோ. அதுக்குள்ள பாத்துக்கினு போய்டுங்கோ."

கதவருகே நின்று சொன்னேன்.

ஜூன் 17, செவ்வாய்

நான் மட்டும் போவதாக இருந்தேன். செருப்பு மாட்டும்போது பின்னால் அவர், சட்டை மாற்றிக்கொண்டு. ஷேவ் செய்யவில்லை.

எங்களுக்கு முன்பே ஆவடிக்காரர்கள் வந்துவிட்டார்கள். பாதுகாப்புத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், அவர் மனைவி. இன்னும் குவார்ட்டர்ஸ் காலி செய்யவில்லையாம், அதற்குள் வண்டி. அந்த அம்மா படியேறி உள்ளே போய் அந்தப் பெட்டியில் உட்கார்ந்தே பார்த்துவிட்டு வந்தார். ஊரே கேட்கிற குரல்.

"எனக்கு சுகர் தம்பி. மாத்திரை வேற. அரை மணிக்கு ஒருக்கா ஒண்ணுக்கு வரும். இவரு பஸ்ல கூட்டிட்டுப் போயி நான் பட்ட பாடு போதும். இது இருந்தாதான் நான் வீட்டை விட்டுக் கெளம்புவேன்னு சொல்லிட்டேன்."

அவர் கணவர் சிரித்தார். டில்லி சிரித்தார். கேலியாக இல்லை. சாதாரணமாக.

பாஸ்கர் சிரிக்கவில்லை. அந்த அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர்கள் அங்கேயே அட்வான்ஸ் கொடுத்துவிட்டார்கள். வண்டி கைவிட்டுப் போய்விட்டது. தாமதித்தது யார், கிளம்பும்போது பாத்ரூமில் இருந்தது யார், இதெல்லாம் வாய் வரைக்கும் வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

டில்லி: "கவலப்படாத சார். அத்தே மாறி இன்னொண்ணு கட்டித் தரேன். ஒரு மாசம் குடு."

பாஸ்கர்: "அதே மாதிரி வேணாம்."

போச்சு என்று நினைத்தேன்.

"திரை வேணாம். கதவு வேணும். உள்ளருந்து தாழ்ப்பாள். ஒரு கைப்பிடி. தண்ணி அடிக்க ஹோஸ் பைப். எனக்குக் குடல்ல வியாதி. வந்தா நிறுத்த முடியாது." குரல் கரகரத்தது. "வண்டி ஓடிட்டிருக்கும்போதும் உக்கார்ற மாதிரி இருக்கணும்."

டில்லி வெல்டிங் கண்ணாடியைத் தலையிலிருந்து கழற்றினார். "இத்த மொத நாளே சொல்லிர்ந்தா நான் ஏன் சார் பிரிட்ஜு பத்திப் பேசிக்கினு இருக்கப் போறேன்? செரி. மேல எக்ஸாஸ்ட் பேனு. சத்தமே வராத மாடல் ஒண்ணு கீது..."

"வேணாம். சத்தம் வர்றதா போடுங்க."

"எல்லாரும் சத்தம் இல்லாததுதான் சார் கேப்பாங்கோ."

"என் பொண்ணு மூணடி தள்ளி உக்காந்திருப்பா."

டில்லி பட்டறையின் மூலையில் கிடந்த பழைய ஃபேன் ஒன்றை எடுத்து வந்து வயரைச் சொருகினார். மாவு மில் ஓடுகிற மாதிரி இரைச்சல். பாஸ்கர் காதைச் சாய்த்துக் கேட்டார். தலையசைத்தார்.

நான் வெளியே போய் ரோட்டைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றேன்.

ஜூலை 17, வியாழன்

வண்டி வந்துவிட்டது. கேட்டில் நுழைந்தது, இரண்டு பக்கமும் விரல்கடை இடைவெளி. செக்ரட்டரி எதிரே நின்று கை காட்டி ரிவர்ஸ் எடுக்க உதவினார். "உள்ள பாத்ரூமா? பரவால்லையே!" பாஸ்கர், "ஆமா சார், எனக்கு அது இல்லாம முடியாது" என்றார். வேறு ஏதோ வேலை இருப்பதுபோல நான் டயரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கழிப்பறைப் பெட்டியை யார் காலி செய்வது? நான்தான் என்றேன். "நீ தொடக் கூடாது. என் வேலை." கோபமாகவே சொன்னார்.

இன்னொன்று: நான் ஓட்டப் பழக வேண்டுமாம். "நான் பின்னால போனா யார் ஓட்டுவா?" சாயங்காலம் பஸ் டிப்போ பக்கம் போய்வந்தோம். இரண்டு தடவை இன்ஜின் அணைந்தது. ஒரு மாநகரப் பேருந்து டிரைவர் திட்டினார். என்ன திட்டினார் என்பதை எழுத மாட்டேன்.

ஜூலை 19, சனி

திருவள்ளூர் ரோடு. வெயில் இல்லை, மேகம். சாலையோரத்தில் நிறுத்திவிட்டு எழுதுகிறேன்.

பூந்தமல்லி தாண்டும் வரை நன்றாகத்தான் இருந்தது. அதன் பிறகு சாலை வேலை. இரண்டு வரிசை ஒரு வரிசையாகக் குறுகி, நத்தை மாதிரி ஊர்ந்தோம். ஓரம் கட்ட இடமில்லை. இடப்பக்கம் பள்ளம், தடுப்புக் கம்பி. அவர் உதட்டைக் கடித்தார்.

"மாறிக்க."

"இங்கயா?"

"இங்கதான். வா."

அவர் பின்னால் நழுவினார், நான் ஸ்டியரிங்குக்கு. அந்த இடைவெளியில் பின்னாலிருந்து ஹாரன் மேல் ஹாரன். கிளட்ச்சைக் கால் தேடியது. தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. உடனே ஃபேன் இரைச்சல். முன்னால் இருந்த லாரி நகர்ந்தது. நான் கிளட்ச்சை விட்டேன், வண்டி குலுங்கி நின்றது. பக்கத்தில் ஆட்டோக்காரர்: "யக்கா, இன்னா படம் பாத்துக்கினு கீறியா? எடு!"

"அம்மா, மெதுவா. ஃபர்ஸ்ட் கியர்" என்றாள் யாழினி. அவளுக்கு என்ன தெரியும் கியரைப் பற்றி. ஆனால் அந்தக் குரல் பிடித்துக்கொள்ள வசதியாக இருந்தது. மறுபடி எடுத்தேன். நகர்ந்தது. பள்ளத்தைப் பார்க்காமல் லாரியின் பின்விளக்கையே பார்த்து ஓட்டினேன். குலுங்கும்போதெல்லாம் உள்ளே அவர் எப்படி உட்கார்ந்திருக்கிறாரோ என்றுதான் நினைப்பு. கண்ணாடியில் அந்தக் கதவு மட்டும் தெரிந்தது. அது திறக்கவே இல்லை. குறுகிய சாலை முடிந்து, அகலமாகி, ஒரு புளியமரத்தடி வந்ததும் நிறுத்தினேன்.

ஃபேன் நின்றது. தண்ணீர்ச் சத்தம். கதவு திறந்தது. அவர் முகம் வெளுத்திருந்தது, சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. படுக்கை விளிம்பில் உட்கார்ந்தார். யாழினியைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தார். வண்டிக்குள் கொஞ்சம் வாடை. ஜன்னலைத் திறப்பதா, திறந்தால் தப்பாக நினைப்பாரா என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே யாழினி எட்டி ஜன்னலைத் திறந்தாள்.

"அப்பா, சோப்பு போட்டுக் கை கழுவினியா?"

அவர் நிமிர்ந்தார். "ம்."

"அப்போ உன் தலைக்கு மேல சிப்ஸ் பாக்கெட் இருக்கு பாரு, அத எடு."

எடுத்துக் கொடுத்தார். அவள் பிரித்து, ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு, பாக்கெட்டை அவர் பக்கம் நீட்டினாள். அவருக்கு அது ஆகாது. கூடாது என்று சொல்ல வாயெடுத்தேன்.

ஒன்றே ஒன்று எடுத்துக்கொண்டார்.