ஓடையில் நுரை வந்த பிறகு

மதினி,

இன்று காலை விளாத்திகுளம் பஸ்ஸுக்காக ஓடைப் பாலத்தில் நின்றிருந்தேன். காற்றில் பிய்ந்து வந்த நுரை என் சேலையில் ஒட்டிக்கொண்டது. பழுப்பாக, பிசுபிசுவென்று. வேப்பிலை பறித்துத் துடைத்தும் கறை போகவில்லை. உங்களிடம் பேச வேண்டும் போலிருந்தது.

இந்த ஓடையில் முதன்முதலாகக் கோடையில் தண்ணீர் வந்தபோது நாம் இருவரும் கரையில்தான் இருந்தோம். மேட்டில் புதிதாக வந்த காலனியில் கழிவுநீரைச் சுத்திகரித்து வெளியே விடுகிறார்கள் என்று சொன்னார்கள். எனக்கு அருவருப்பாக இருந்தது. நீங்கள் சிரித்தீர்கள்.

"கக்கூஸ் தண்ணியா இருந்தா என்னட்டி? தெளிவா வருது, நாத்தம் இல்ல. சித்திரையில நம்ம கரிசக்காட்டுக்கு எவன் தண்ணி குடுப்பான்?"

உங்கள் வெள்ளாடுகள் முட்டி மோதிக் குடித்தன. நானும் அந்த ஈரத்தை நம்பி ஓடையோரம் மிளகாய் வைத்தேன். இரண்டு கோடை நன்றாகத்தான் போயிற்று.

பிறகு தண்ணீர் கறுத்தது. சினை ஆடுகள் நாள் நிறையும் முன்பே குட்டி வீசின. நீங்கள் புட்டிப்பால் கொடுத்து வளர்த்த மொட்டை ஆடு வயிறு உப்பிச் செத்தது. அதைப் புதைத்த கையோடு மிச்ச ஆடுகளை ஓட்டிக்கொண்டு காலனிக்குப் புறப்பட்டீர்கள். தனியே விட மனமில்லாமல் நானும் வந்தேன்.

சுத்திகரிப்பு நிலையத்து ஆபரேட்டர் ஓடி வந்தார். "ஏன்க்கா ஆட்ட உள்ள ஓட்டுதீங்க?"

"ஓடையில குடிக்கத் தண்ணி இல்ல தம்பி. இங்கன இருந்துதான வருது? அதான் இங்கனயே குடிக்க வந்துட்டோம்" என்றீர்கள்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். தொட்டிக்குள் காற்று ஊதும் மோட்டார் கருகி மாதக்கணக்காகிறதாம். "காத்து போகலன்னா அழுக்கு மக்காதுக்கா. வந்தத வந்தபடியே ஓடையில விடச் சொல்லிட்டாக சங்கத்துல."

அதற்குள் ஆடுகள் பூச்செடிகளை மேய ஆரம்பித்திருந்தன. காலனிச் சங்கத் தலைவர் போலீசைக் கூப்பிடுவேன் என்று கத்தினார். "கூப்பிடுங்க அண்ணாச்சி. அவியளும் வந்து ஓடையப் பாக்கட்டும்" என்றீர்கள். கடைசியில் அவர்களே வாளி வாளியாக நல்ல தண்ணீர் ஊற்றினார்கள். மோட்டார் வரும்வரை தினமும் ஆடுகளோடு போய் நின்றோம்.

மோட்டார் வந்தது. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன். ஐப்பசி மழையில் அது மறுபடி நின்றது. இந்த முறை உங்களால் நடக்க முடியவில்லை. ஓடைச் சகதியில் சிக்கிய குட்டியைத் தூக்க இறங்கியபோது கருவேல முள் காலில் கீறிய புண், ஆறாமல் கறுத்துக்கொண்டே போயிற்று. உடம்பில் சர்க்கரையும் இருந்தது. கோவில்பட்டி ஆஸ்பத்திரியில் முதலில் பாதத்தை எடுத்தார்கள். பிறகு முழங்கால்வரை.

ஓடைத் தண்ணீரால்தானா என்று டாக்டரிடம் கேட்டேன். "அப்படி உறுதியாச் சொல்ல முடியாதும்மா" என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் காலனிக்காரர்கள் அந்த ஒரு வார்த்தையைத்தான் இன்றுவரை பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

கடைசியாக உங்களைப் பார்க்க வந்தபோது காலைப் பற்றி நீங்கள் பேசவே இல்லை. ஆடுகளைக் கேட்டீர்கள். உங்கள் மகன் விற்றுவிட்டதைச் சொன்னேன். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள்.

"நல்லது. இனி அதுக தாகத்துக்கு நான் பதில் சொல்ல வேண்டாம்."

நீங்கள் கண்ணை மூடிய பிறகும் மோட்டார் ஓடவில்லை. என் மிளகாய்க் காடு தரிசாகிவிட்டது. போன மாதம் நான் தனியே காலனி கேட்டுக்குப் போனேன். வெயில் இறங்கும்வரை நின்றேன். ஆடில்லாமல் வந்த ஒருத்திக்கு யாரும் கதவைத் திறக்கவில்லை. அதே ஆபரேட்டர் கம்பி வழியாக மெதுவாகச் சொன்னார்: "ஆட்டுக்கார அக்கா இருந்தா இந்நேரம் கேட்டத் தெறக்க வச்சிருப்பாகக்கா."

சென்ற வாரம் கழுகுமலையில் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். செம்பில் தண்ணீர் கொண்டுவந்து தந்தாள். என்னை அறியாமல் அதை முகர்ந்து பார்த்தேன். அவள் முகம் வாடிவிட்டது.

"நல்ல தண்ணிதாம்மா, குடி."

குடித்தேன். நல்ல தண்ணீர்தான் மதினி. ஆனாலும் தொண்டையைத் தாண்டும்வரை எனக்கு நம்பிக்கை வரவில்லை.