மூன்று முறை சொல்ல வேண்டிய வரி

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் இங்கே சுகமாகத்தான் இருக்கிறோம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நல்ல உடம்போடு இருப்பாய் என்று நம்புகிறேன். அப்பாவுக்கு முழங்கால் வலி தேவலை. டாக்டர் நடக்கச் சொன்னால் இவர் வாசலில் நாற்காலி போட்டு நடக்கிறவர்களை எண்ணிக்கொண்டிருக்கிறார். கயிற்றுக் கடை ஓடுகிறது. ஈரம் பட்டு வந்த சணல் கட்டுகளை லாரியோடு திருப்பி அனுப்பினேன், லாரிக்காரர் இன்னும் என்னைத் திட்டிக்கொண்டிருப்பார்.

சித்தியைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். சித்தப்பாவின் இறுதி வழிபாட்டுக்கு உன்னால் வர முடியவில்லை, அன்று நடந்ததைப் போனில் உனக்குப் பாதிதான் சொன்னேன். நம் மண்டபத்தில் வழிபாட்டுப் புத்தகங்களை ஒதுக்கிவிட்டுச் சுவரில் பெரிய திரை மாட்டி, உங்கள் கம்பெனி மென்பொருளைப் போட்டிருக்கிறார்கள் இல்லையா, அதில் வருகிற வரிகளைப் பார்த்துத்தான் எல்லோரும் சொன்னோம். 'இவரை ஏற்றுக்கொள்' என்ற வரியை மூன்று முறை சொல்ல வேண்டும். திரையில் ஒரு முறைதான் வந்தது, உடனே அடுத்த பத்திக்குத் தாவிவிட்டது. மனப்பாடமாகத் தெரிந்தவர்கள் அதே வரியை இரண்டாம் முறை ஆரம்பித்தார்கள், திரையை நம்பியவர்கள் அடுத்ததற்குப் போனார்கள், மண்டபத்தில் இரண்டு குரல் மோதி, பிறகு இரண்டுமே அடங்கிவிட்டன. வழிபாடு நடத்துகிறவர் தடுமாறிக் கடைசி வரியைச் சொல்லி முடித்துவிட்டார், உடலைத் தூக்கிவிட்டார்கள். சித்தி மட்டும், "இன்னும் ரெண்டு தடவை இருக்கே" என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். அந்தத் திரையைத் தாங்குகிற கம்பிக் கயிறு நம் கடைச் சரக்கு, அது இம்மியும் அசையவில்லை, அதில் ஓடியதுதான் கைவிட்டது. அன்றிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடுவதில்லை. "பாதி வழியில நிக்கிறாரோக்கா" என்று என்னையே கேட்கிறாள்.

முந்தாநாள் நீ போனில் சொன்ன பிறகுதான் எனக்கு விளங்கியது. ஒரே வரி திரும்ப வந்தால், தவறி இரண்டு தரம் ஏறிவிட்டது என்று மென்பொருளே எடுத்துவிடுமாம். சோதித்துப் பார்த்த உங்களில் ஒருவர்கூட ஒரு வழிபாட்டில் உட்கார்ந்து பார்க்கவில்லையாம். இப்போது உன் மேலாளர் அதைச் சின்னப் பிழை என்று எழுதி, தரச்சான்றிதழில் உன் கையெழுத்தைக் கேட்கிறார், திருத்தம் அடுத்த வருஷம், போடாவிட்டால் உன் வேலைக்கே சிக்கல். "மென்பொருள் நிக்கலையேம்மா, எழுத்தும் தப்பில்ல, விதிப்படி சின்னதுதான்" என்றாய். நானாக இருந்தால் என்ன செய்வேன் என்றும் கேட்டாய்.

கயிறு கேட்டு யார் வந்தாலும் நான் முதலில் கேட்பது, எதைக் கட்டப் போறீங்க என்றுதான். துணி காயப்போட என்றால் ஒரு புரி பிரிந்த கயிற்றையும் அதைச் சொல்லிவிட்டுக் கொடுப்பேன். மாடியிலிருந்து தொங்கி வண்ணம் அடிக்கிறவர் வந்தால் அதே கயிற்றைக் கண்ணில்கூடக் காட்ட மாட்டேன். சின்னப் பிழையா பெரிய பிழையா என்று கயிற்றைப் பார்த்தா சொல்வது, அதில் தொங்குகிறவரைப் பார்த்தல்லவா சொல்ல வேண்டும். உங்கள் விதி கடையில் பில் அடிக்கிற மென்பொருளுக்கு எழுதினது ராசா, மண்டபத்துக்கு எழுதினது அல்ல. கையெழுத்துப் போடாதே. அதற்காக முறைத்துக்கொண்டும் வராதே. திருத்தும்வரை எல்லா மண்டபங்களிலும் புத்தகத்தைத் திரும்ப எடுக்கச் சொல்ல வேண்டும், வழிபாடு நடத்துகிற ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் சோதிக்க வேண்டும் என்று காரணத்தோடு எழுதிக் கொடு. வேலை போகலாம், போகாது என்று பொய் சொல்ல மாட்டேன். போனால் வேறு தேடலாம், நானும் அப்பாவும் இருக்கிறோம்.

இன்னொன்று. அது உங்கள் கம்பெனி செய்தது என்று நேற்று சித்தியிடம் சொல்லிவிட்டேன். வேறு வாயால் கேட்டு நோவதைவிட என் வாயால் கேட்கட்டும் என்று நினைத்தேன். நன்றாகத் திட்டுவாள் என்றுதான் இருந்தேன். திட்டவில்லை. "பாக்கி ரெண்டு தடவையையும் அவனையே சொல்லச் சொல்லுக்கா. அவர் தோள்ல தூக்கி வளர்த்த புள்ள, அவன் சொன்னா அவருக்குக் கேக்கும்" என்றாள்.

ஆண்டவன் உனக்கு உடம்பில் பலமும் நெஞ்சில் தைரியமும் குறையாமல் கொடுக்கட்டும். அந்தக் கையெழுத்து விஷயமாக ஆபீசுக்குக் கிளம்பும் முன்னால் அந்த வரியைச் சொல்லிவிட்டுப் போ. மனசுக்குள் வேண்டாம், வாய்விட்டு, இரண்டு முறை. சொன்னதும் எனக்கு வேண்டாம், சித்திக்குப் போன் பண்ணு. அவள் தட்டுக்கு முன்னால் உட்கார அதற்குத்தான் காத்திருக்கிறாள்.

என்றும் உன் நினைவாகவே,
அம்மா