தும்மல் கேளாத விடியல்

கழுத்து வலியால் மூன்று பனிக்காலம் இடப்புறம் திரும்பாமலே நாடாண்டவரும், ஏரி வெட்டில் மண்கூடை சுமந்த தலையிலேயே முடி சூடியவருமான முகிலூர் அரசியார் வெண்கோதையார், கூர்ம்பாறைக் கோட்டைத் தலைவர் எயினங்குமரனாருக்கு விடுக்கும் ஓலை. நும் மதில் உறுதியாகுக. நும் குதிரைகள் கொழுக்க. நும் வீரர் அடுப்பு அணையாதிருக்க.

அரசியார் நலமாயிருக்கிறார். இதை முதலில் அறிக. நேற்று நண்பகல்வரை அவர் எழாததற்குக் காரணம் நஞ்சன்று, தூக்கம்.

பள்ளியறைக் கதவின் அடியில் எலி நிமிர்ந்து நடக்கலாம். சுனைநீர் கொணரும் மண்குழாய் சுவரில் நுழையுமிடத்தில் கை புகும். இரு வழியாலும் வந்த மலைக்காற்று அரசியார் கழுத்திலேயே குடியிருந்தது. பொறுத்துப் பொறுத்துப் பார்த்தவர், முந்தாநாள் கொத்தனார் மூவனாரை அழைத்தார். கதவைக் கண்டதுமே அவர், "தாயே, இது கதவா, காத்துக்கு வெட்டின வாய்க்காலா?" என்றார். நிலைச்சட்டம் நெடுகக் கம்பளிப் பட்டை அறைந்தார். கதவடியில் தவிடடைத்த துணியுருளை பொருத்தினார். குழாயைச் சுற்றி நாரைத் திணித்து, மெழுகும் களிமண்ணும் பூசினார். வேலை முடியும்வரை கையும் ஓயவில்லை, வாயும் ஓயவில்லை.

அன்றிரவு அரசியார் அடித்துப் போட்டாற்போல் உறங்கினார். வினை அங்கேதான் வந்தது. விடியற்காற்று பட்டதும் அரசியார் தும்முவதும், அத்தும்மல் கேட்டு முரசறைபவர் பிட்டனார் விடியல் முரசு அறைவதும் இம்மாளிகையின் வழக்கமாகிவிட்டன. நேற்றுத் தும்மலில்லை, ஆகவே முரசுமில்லை. நகரவாயில் திறக்கவில்லை. பால் கொணர்ந்தோர் சுள்ளென்ற வெயிலில் நின்றுகொண்டு விடியலுக்குக் காத்திருந்தனர். தாழிட்ட கதவைத் தட்டிய ஒலியும் கம்பளியைத் தாண்டவில்லை. மாளிகைக்கு விருந்தாய் வந்திருந்த நீரோ, கொத்தன் மருந்திட்டு மயக்கினானென்று மூவனாரைக் கட்டி, அரசியார் கண்விழிக்குமுன் மலை கடந்துவிட்டீர்.

நாளை விடியலில் அவர் தலை வாங்கப்படுமென்று நும் ஆள் இன்று வந்து உரைத்தான். சிறைக்கதவின் சந்தில் காற்றடிக்கிறதென்று அவர் களிமண் கேட்டு வாங்கி அடைத்ததையும் உரைத்தான். காவலர் நகைத்தபோது, "தலை போறது நாளைக்கு. சளி பிடிக்கிறது இன்னைக்குல்ல?" என்றாராம். கேட்டு அரசியார் வாய்விட்டுச் சிரித்தார், பின்பு சிரிக்கவில்லை.

நும் அன்பு பெரிது. அவசரம் அதனினும் பெரிது. ஓலை கண்டவுடன் மூவனாரை விடுவிக்க. நும் குதிரையில் அவரை ஏற்றி, கடிவாளம் பிடித்து நீர் நடந்து வருக. வழிநெடுக அவர் பேசுவார், கேட்டு வருக. வீரர் உறையும் அறைகளிலும் சிறையிலும் காற்றுப் புகும் சந்தெல்லாம் அடைக்கப்படுக. அடுப்பின் புகைவழியை மட்டும் தொடற்க. இனி முரசு கதிரவனைப் பார்த்து அறையப்படும், அரசியார் மூக்கைக் கேட்டு அன்று.

குழாய்க்குப் பூசி மிஞ்சிய மெழுகில் மண்கூடை முத்திரை இடப்பட்டது. இது ஆணை.

காற்றை அடைத்தாரேனும், தலை போகுமென்று அறிந்தவர் நேற்றிரவு கண் மூடியிருக்க மாட்டார். முகிலூர் அரசு கொத்தனார் மூவனாருக்கு ஓரிரவுத் தூக்கம் கடன்பட்டிருக்கிறது.