பள்ளம் வெட்டிய டயர்

ஐப்பசி, புதன்கிழமை

சங்கரநாராயணனாகிய நான், இன்று ராஜபாளையம் டயர் கடையில் கண்டதை உள்ளபடி எழுதி வைக்கிறேன்.

வன்னியம்பட்டித் தோப்பின் சேற்றுப் பாதையிலும் தார்ச்சாலையிலும் தினமும் ஓடும் என் ஜீப்புக்கு, இரண்டுக்கும் பொருந்தும் ஆல் டெரைன் டயர் குறைந்த விலையில் தேவைப்பட்டது. கடைக்காரர் நான்கை உருட்டி வந்தார். கறுப்புச் சாயம் பளபளத்தது. தயாரிப்பு வாரமும் ஆண்டும் இருக்க வேண்டிய இடம் உரசி அழிக்கப்பட்டிருந்தது. பள்ளத்துக்குள் விரலை விட்டேன், ரப்பருக்கு அடியில் இருக்க வேண்டிய கம்பி குத்தியது. தேய்ந்த டயரில் சூட்டுக் கத்தியால் புதுப் பள்ளம் வெட்டியிருக்கிறார்கள். அருவருப்பாக இருந்தது.

"இதில் மனுஷன் ஏறிப் போறதா?" என்றேன்.

"அடியில எலுமிச்சம்பழம் வச்சு ஏத்திட்டா ஒண்ணும் ஆவாது சார். உங்க மச்சான் ஸ்கூல் வேனுக்கும் போன வாரம் நாலு போட்டேன். அவிய ஒரு கேள்வி கேக்கலையே. நீங்கதான் டயரைப் பாடப்புத்தகம் மாதிரி வாசிக்கிறீய."

ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் மைத்துனனை உடனே தொலைபேசியில் அழைத்து, வேன் டயர்களைக் கழற்றச் சொன்னேன்.

"போன மாசம் பிரேக்கு சரியில்லைன்னீங்க, இந்த மாசம் டயரா? பூசை போட்டாச்சு அத்தான். செத்த சும்மா இருங்க," என்று வைத்துவிட்டான்.

வெளியே மழை வலுக்கிறது. அந்தக் கடைக்காரரைவிட இவன்மீதுதான் எனக்கு அதிக வெறுப்பு.

நாளை காலை, முதல் குழந்தை ஏறுவதற்கு முன், வேன் சாவியை அவனிடமிருந்து வாங்கிவிடுவேன். தர மறுத்தால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்துமூலம் புகார் கொடுப்பேன். அவன் என் மனைவியின் தம்பி என்பதையும் அதில் குறிப்பிடுவேன்.