பூஜையில் வைத்த துப்பாக்கி

அக். 12, சனி

காலையில் நல்ல மழை. பத்து மணிக்கு மேல் விட்டது. துப்பாக்கி சுடும் ரேஞ்சில் கடைசிப் பயிற்சி. கடைசியாகச் சுட்ட பத்தும் ஒரு ரூபாய்க் காசுக்குள் அடங்கின. அப்பாடா!

குழல் இப்போதுதான் வழிக்கு வந்திருக்கிறது. இனி செவ்வாய் வரை உள்ளே துடைக்கக் கூடாது. துடைத்த குழலில் முதல் பத்துப் பதினைந்து குண்டு சொன்ன பேச்சுக் கேட்காது. துரு பிடிக்காமலிருக்க வெளியில் மட்டும் எண்ணெய்த் துணி.

கிளப்புக்குப் பூஜை லீவு. லைசென்ஸ் என் பெயரில், அதனால் துப்பாக்கி வீட்டு பீரோவில்.

செவ்வாய் மதியம் மாநில அணித் தேர்வு. மூன்று பேரைத்தான் எடுப்பார்கள். இந்த வருஷமும் இல்லையென்றால் துப்பாக்கியை விற்றுவிடலாம் என்று இவரிடம் நானே வாக்குக் கொடுத்தேன். வாய்க்கொழுப்பு, வேறென்ன. கல்யாணம் ஆனதிலிருந்து "பட்டாசு வெடிக்கப் போறியா?" என்று கேட்கிற மனுஷன், அன்றைக்கு மட்டும் பேசாமல் தலையாட்டினார்.

வாங்க: அவல், பொரி, வெல்லம், சூடம். ஸ்கூட்டருக்குப் பெட்ரோல்.

அக். 13, ஞாயிறு. அஷ்டமி

புழுக்கம். கோவிலுக்குப் போய்த் திரும்பினால், இவர் பூஜை வைத்து முடித்திருக்கிறார். சாலை பஜாரில் உள்ள இவர் கடையின் தராசு, ஸ்பானர் செட், மகளின் பாடப் புத்தகங்கள். நடுவில் என் துப்பாக்கி! சந்தனம், குங்குமம், அரளி மாலை. முதலில் சிரிப்புத்தான் வந்தது. பிறகுதான் குழல் ஞாபகம் வந்தது.

"உள்ளேயும் தொடச்சீங்களா?"

"பின்னே? மண்ணெண்ணெய் விட்டு, பிரஷ் போட்டுத் தேய்ச்சேன். என்னா அழுக்கு, ஏட்டி! கரி கரியா வருது. கடைசில நல்ல தேங்காயெண்ணெய் விட்டிருக்கேன். அதுக்கும் ஒரு நாள் எண்ணெய்க் குளி வேண்டாமா?"

ஐயோ கடவுளே. ஒரு மாதம் சுட்டுச் சுட்டுப் படிய வைத்த கரி அது.

எடுக்கப் போனேன். குறுக்கே நின்றுவிட்டார். பூஜையில் வைத்ததை விஜயதசமி காலையில்தான் எடுக்க வேண்டுமாம். "போன வருசம் தராசைப் பாதியில எடுத்தேன். கடை பட்ட பாடு உனக்குத் தெரியும்லா?"

இரவு சாப்பிடவில்லை.

அக். 14, திங்கள். நவமி

வெயில். தலைவலி.

கோச் வர்கீஸ் சாருக்கு போன் போட்டுத் தேங்காயெண்ணெய் விஷயத்தைச் சொன்னேன். "எந்து? வெளிச்செண்ணயோ? என்றெ தெய்வமே!" என்று அலறினார். எண்ணெய் இருக்கும்போது சுடவே கூடாது, குழலுக்குள் விட்ட காய்ந்த துணி வெள்ளையாகவே திரும்பி வர வேண்டும் என்றார். அதற்குப் பிறகும் சுட்டுத்தான் குழலைப் பழக்க வேண்டும். கையில் குண்டு இல்லை. தேர்வில் கணக்கில் சேராத பத்துக் குண்டு தருவார்கள். குறி சரிபார்க்க என்று இருக்கிற பத்து. எனக்கு அது குழல் பழக்கவே பற்றாது.

இவர் பூஜை அறைக்கு எதிரே நாற்காலி போட்டுப் பேப்பர் படிக்கிறார். காவல்!

வேண்டுமென்றே செய்தாரோ? இத்தனை வருஷம் துப்பாக்கியைத் தொட்டுப் பார்க்காத ஆள், இந்த வாரம் பார்த்தா தொட வேண்டும்? எழுதவே கூசுகிறது. ஆனாலும் மனசு அங்கேயே போகிறது.

மகள் வந்து, "அம்மா, படிக்கண்டல்லோ, படிக்கவே வேண்டாம், நாளை வரைக்கும் புக்கைத் தொடவே கூடாது" என்று குதிக்கிறாள். அவளுக்காவது சந்தோஷம்.

அக். 15, செவ்வாய். விஜயதசமி

விடியற்காலையிலேயே கற்பூரம் காட்டி, இவரே எடுத்துக் கையில் கொடுத்தார். பழைய வேட்டியைக் கிழித்து, கம்பியில் சுற்றி, தள்ளித் தள்ளித் துடைத்தேன். துணி மஞ்சளாக வந்தது, அப்புறம் பழுப்பு, அப்புறம் வெள்ளை. குண்டு நுழையும் வாயிலும் எண்ணெய் கோத்திருந்தது. "நான் பிடிக்கட்டா?" என்றார். "தொடாதீங்க!" என்றேன். நகர்ந்துவிட்டார்.

ரேஞ்ச். வானம் மூட்டம். உள்ளங்கை வேர்வை.

முதல் குண்டு மேலே. அடுத்தது இடது ஓரம். மூன்றாவது எங்கே போனதென்று தேட வேண்டியிருந்தது. பத்தும் தீர்ந்தது, குழல் இன்னும் வழிக்கு வரவில்லை. கணக்குத் தொடங்கியும் முதல் நாலைந்து விலகின. அதற்குப் பிறகு விட்டேனா? நடு வட்டம்தான், ஒன்றன் பின் ஒன்றாக.

நாலாவது இடம். ஒரே ஒரு பாயிண்டில் போயிற்று.

கேட்டில் இவர் குடையோடு நின்றார். "என்னாச்சு?" என்றார். அத்தனை பேர் முன்னால் கத்தினேன். "வேணும்னேதானே செஞ்சீங்க? விக்கணும்னுதானே?" முகம் செத்துவிட்டது அவருக்கு. பக்கத்தில் நின்ற வர்கீஸ் சார் என்னைத்தான் அதட்டினார்.

அக். 16, புதன்

மழை. பால்காரன் வரவில்லை, கட்டன் சாயா.

நேற்றுக் கத்தியது அதிகம்தான். ஆனால் அவரும் "இல்லை" என்று சொல்லவில்லையே.

துப்பாக்கியையும் லைசென்ஸையும் கொண்டுபோய் அவர் முன்னால் மேசையில் வைத்தேன். "சொன்ன சொல் சொன்னதுதான். வாங்க ஆள் பாருங்க."

அவர் சாயாவைக் குடித்து முடித்தார். "சாருக்குக் காலையிலேயே போன் பண்ணினேன். தொடச்சா என்ன ஆகும்னு எல்லாம் சொன்னாரு. எனக்குத் தெரியாது, ஏட்டி. அழுக்குன்னுதான் நெனச்சேன்."

நான் லைசென்ஸை அவர் பக்கம் நகர்த்தினேன்.

"நீ தோத்தா விக்கணும்ங்கதுதானே பேச்சு?"

"ஆமா."

"தோத்தது நானுல்லா."

துப்பாக்கியை என் பக்கம் திருப்பி நகர்த்திவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குப் போய்விட்டார்.